ஒரு மண்டலச் சேவை

எங்கள் பாலவனத்தம் சிறிய ஊர். 1901ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பொன். பாண்டித்துரைத் தேவர் இவ்வூரின் ஜமீன்தாராக விளங்கியவர் என்பதால், தமிழன்பர்கள் பலருக்கு இதன் பெயர் தெரிந்திருக்கும். இங்கிருந்து அருப்புக்கோட்டையைக் கடந்து மேலும் சென்றால் திருச்சுழி. சுந்தரமூர்த்தி சுவாமிகளின் பாடல் பெற்ற திருமேனிநாதரும் துணைமாலையம்மையும் எழுந்தருளியிருக்கும் தலம். 1879 டிசம்பர் 30 அன்று, ஆருத்ரா தரிசன வேளையில், பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி அவதரித்த ஊரும் அதுவே.

வங்கிப் பணியில் இருந்த காலமெல்லாம் ஊர் ஊராக மாற்றலாகிக்கொண்டிருந்த அடியேனுக்கு, ஓய்வு பெற்றுச் சொந்த ஊரில் குடியமர்ந்த பிறகு மாதம் ஒருமுறை திருச்சுழி சென்று வழிபடும் பேறு கிடைத்தது. பகவானின் வரலாற்றைப் படிக்குந்தோறும் என் மனத்தை மிகவும் ஈர்த்தது, அவர் பிராணிகளைக் குறிப்பிட்ட விதம். பசுவையோ நாயையோ குரங்கையோ அவர் ‘அது’ என்று சொல்வதில்லை. ‘அவன்’, ‘அவள்’ என்றே சொல்வார். ஆசிரமத்து நாய்களைப் ‘பசங்கள்’ என்பார். நம் இலக்கணம் அஃறிணை என்று வகுத்ததை, அவர் வாய்மொழி உயர்திணையாக்கிவிட்டது.

அந்தப் பசங்களில் ஒருவன் ஜாக்கி. அவன் நோயுற்று நலிந்தபோது பகவான் அவனுக்கு மெத்தென்ற படுக்கை அமைத்துத் தந்து, தாமே கவனித்துக்கொண்டார். நோய் முற்றி அவன் உடலில் துர்நாற்றம் வீசியபோதும் பகவானின் பரிவு சற்றும் குறையவில்லை. அவனை எடுத்து அணைத்துத் தடவிக் கொடுப்பார் என்று அன்பர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் பசு லட்சுமியின் சமாதிக்கு அருகில் ஜாக்கியின் சமாதியையும் இன்றும் தரிசிக்கலாம்.

நாற்றம் வீசிய உடலை அணைப்பது என்றால் என்ன என்பதை, மூன்றாண்டுகளுக்கு முன் வந்த ஒரு மார்கழி மாதம் எனக்குக் காட்டியது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு பிள்ளையார் கோயில் உண்டு. பிழைப்புத் தேடித் திருப்பூருக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பம் விட்டுச் சென்ற நாய், அந்தக் கோயில் மதிலோரம் வந்து சுருண்டு கிடந்தது. உடலில் உரோமமே இல்லை. தோல் தடித்து, யானைத் தோல்போல் மடிப்பு விழுந்து, சொறிந்த இடமெல்லாம் புண்ணாகிச் சீழ் கட்டியிருந்தது. காதோரங்கள் பொருக்குத் தட்டியிருந்தன. விடியற்காலைப் பூஜைக்கு வருவோர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்கள். சிறுவர்கள் கல்லெறிந்தார்கள். கரிசல் காட்டில் பகலில் வெயில் சுட்டாலும் மார்கழி அதிகாலையில் பனி கடுமையாக இறங்கும். போர்த்திக்கொள்ள உரோமமும் இல்லாத அந்த ஜீவன், நடுங்குவதற்கும் சக்தியின்றிக் கிடந்தது.

“மேனேஜர் சார், வண்டி கழிவு ஆயிலைத் தடவி விடுங்க, சரியாப் போயிரும்” என்றார் தேநீர்க் கடைக்காரர். நம் கிராமங்களில் இது நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். ஆனால் அந்த எண்ணெய் தோல் வழியாக உள்ளே இறங்கும். நாய் அதை நக்கி விழுங்கும். ஈரலும் சிறுநீரகமும் கெடும். புண்ணில் பட்டால் எரிச்சலோ சொல்லி முடியாது. ஆகவே தடித்த சாக்கொன்றைப் போர்த்தி, வாயைத் துணியால் இதமாகக் கட்டி, சரக்கு ஆட்டோவில் ஏற்றி, அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றேன்.

மருத்துவர் இளைஞர். புண்ணின் ஓரத்தைக் கத்தி முனையால் மெல்லச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நுண்ணோக்கியில் பார்த்தார். பிறகு, “ஐயா, நீங்களும் பாருங்க” என்றார். உருண்டையான உடலும் எட்டுக் குட்டைக் கால்களுமாக ஓர் உயிர் நகர்ந்துகொண்டிருந்தது. வெறுங்கண்ணுக்குப் புலப்படாத இந்தப் பூச்சி சிலந்தி, உண்ணி ஆகியவற்றின் உறவு. பெண் பூச்சி தோலுக்குள் சுரங்கம் தோண்டி முட்டையிடுகிறது. அந்த அரிப்பு தாளாமல் நாய் சொறிகிறது. சொறிந்த இடம் புண்ணாகிறது. புண்ணில் கிருமி சேர்ந்து சீழ் வைக்கிறது. பட்டினி கிடந்து எதிர்ப்புச் சக்தி குன்றிய உடலில் நோய் விரைவாகப் பரவிவிடுகிறது.

அவர் போட்ட ஊசி மருந்தின் பெயர் ஐவர்மெக்டின். ஜப்பானிய மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கண்டெடுக்கப்பட்ட பொருளிலிருந்து உருவான மருந்து இது. இதற்காகச் சதோஷி ஓமுரா, வில்லியம் கேம்ப்பெல் என்னும் இரு அறிஞர்களுக்கு 2015ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு வழங்கப்பட்டது. சிலவகை நாய்களுக்கு இது ஆகாது என்பதால் மருத்துவரே இனமும் எடையும் பார்த்து அளவறிந்து போட வேண்டும். “மருந்து உயிரோடிருக்கும் பூச்சியைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை பொரிந்ததும் மறுபடி போடணும். பதினைந்து நாளுக்கு ஒன்றாக நான்கு ஊசி. நடுவில் நிறுத்திட்டா எல்லாம் வீண்” என்றார் மருத்துவர்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதல் நாள், பதினைந்தாம் நாள், இருபத்தொன்பதாம் நாள், நாற்பத்து மூன்றாம் நாள். அதன்பின் சில நாள் கவனிப்பு. ஏறக்குறைய நாற்பத்தெட்டு நாள். “ஒரு மண்டலம்” என்றேன் மனைவியிடம்.

என் மனைவி ஆசாரம் வழுவாதவள். “ஏங்க, சுவாமி விளக்கு எரியிற வீடு இது. கொல்லையோட நிக்கட்டும். நிலைப்படி தாண்டி உள்ளே வரக் கூடாது” என்றாள். அவள் சொன்னதில் நியாயமும் இருந்தது. இந்தச் சொறி மனிதர் தோலிலும் சில காலம் அரிப்பை உண்டாக்கும் என்று மருத்துவரே எச்சரித்திருந்தார். கொல்லையில் வேப்பமரத்தடியில் ஓலைக் கொட்டகை போட்டு, வைக்கோல் பரப்பி, மேலே பழைய வேட்டியை விரித்தேன். அதிகாலை ஐந்து மணிக்குக் கையுறை அணிந்து புண்ணைக் கழுவி மருந்திடுவது, வேட்டியைக் கொதிநீரில் அலசி வெயிலில் போடுவது, பிறகு தலைக்கு நீராடிப் பூஜைக்கு அமர்வது என்று நித்தியக் கடமைகள் ஒழுங்குபட்டன. வாரம் ஒருமுறை மருந்துக் குளியல். நுரை உடலில் பத்து நிமிடம் ஊறினால்தான் பலன் உண்டு. அந்தப் பத்து நிமிடமும் நாயைப் பிடித்தபடி பஞ்சாட்சரம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

தோல் வளரப் புரதம் வேண்டும், முட்டை கொடுங்கள் என்றார் மருத்துவர். எங்கள் வீட்டில் முட்டை புழங்குவதில்லை. மனைவி பாசிப்பயற்றைக் குழைய வேகவைத்துச் சோற்றில் பிசைந்து தந்தாள். எதிர்வீட்டு அம்மாள் இதைக் கேள்விப்பட்டு, நாள்தோறும் இரண்டு முட்டைகளை அவித்து வேலிக்கு மேலாக நீட்டத் தொடங்கினார். பணம் கொடுக்கப் போனபோது, “புண்ணியத்துல எனக்கும் பங்கு குடுங்க சார்” என்று மறுத்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் நிலைமை மோசமாயிற்று. காலை முதல் நாய் எதையும் தொடவில்லை. உடல் கொதித்தது. மாலையில் தொலைபேசியில் கேட்டபோது, மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கும்படியும், தண்ணீர் மட்டும் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளும்படியும் மருத்துவர் சொன்னார். கிண்ணத்தை வாயருகே வைத்தாலும் அதற்கு நாக்கை நீட்ட முடியவில்லை. இரவு பத்து மணியளவில் மனைவி பரணில் ஏறி எதையோ தேடிக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தபோது கையில் எங்கள் பிள்ளைகளுக்குப் பாலூட்டிய வெள்ளிச் சங்கு. கொட்டகைக்குள் சென்று, தரையில் அமர்ந்து, வாயோரத்தில் சங்கை வைத்துச் சொட்டுச் சொட்டாக நீர் விட்டாள். அன்றிரவு நாங்கள் இருவரும் மாறி மாறி விழித்திருந்தோம். பொழுது விடியும் நேரத்தில் உள்ளே வந்து என்னை எழுப்பி, “அவள் கண்ணைத் திறந்துட்டாங்க” என்றாள்.

‘அவள்’ என்று அவள் சொன்னதை நான் கவனித்தேன். பகவானின் சரிதத்தை அவள் படித்தவள் அல்லள். நான் அவளுக்கு எடுத்துச் சொன்னதுமில்லை. ஓர் இரவு முழுதும் சங்கைப் பிடித்திருந்த கை அவளுக்கு அந்த இலக்கணத்தைக் கற்றுத் தந்துவிட்டது.

இரண்டாம் ஊசிக்குப் பிறகு சொறிவது நின்றது. நான்காம் வாரத்தில் முதுகில் பூனைமயிர்போல மெல்லிய உரோமம் அரும்பியது. அதன் நிறத்தைப் பார்த்த பிறகுதான் எங்கள் விருந்தாளி ஒரு செவலை என்று தெரிந்தது. அதுவே அவள் பெயராயிற்று. முதல் நாள் ஒன்பது கிலோ இருந்தவள், மண்டலம் நிறைந்தபோது பதினாறு கிலோ. உடல் தேறிய பின் வெறிநோய்த் தடுப்பூசியும் கருத்தடை அறுவைச் சிகிச்சையும் செய்வித்தோம். நிலைப்படி தாண்டக் கூடாது என்று முன்பு விதித்தவளே, மழை பெய்த ஓர் இரவில் திண்ணைக் கதவைத் திறந்து அவளை உள்ளே அழைத்தாள்.

இந்த நாற்பத்தெட்டு நாளில் எனக்குத் தெளிந்தது ஒன்று உண்டு. நோயுற்ற ஜீவனைக் கண்டதும் நம் எல்லோருக்கும் இரக்கம் பிறக்கிறது. அந்த இரக்கத்தின் ஆயுள் பெரும்பாலும் ஒரு பிஸ்கட் பொட்டலம்தான். பூச்சியின் முட்டையோ சில நாள் கழித்தே பொரிகிறது. அன்றைக்கும் நாம் அங்கே இருக்க வேண்டும். விரதத்தில் முதல் நாள் உற்சாகத்தைவிட இருபதாம் நாள் நியமமே பெரிது என்று பெரியோர் சொல்வது இங்கும் பொருந்துகிறது. நாள் தவறாமையே சேவையைப் பூஜையாக்குகிறது.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். இல்லறத்தாருக்கு விதித்த ஐவகை வேள்விகளில் பூத யக்ஞம் ஒன்று. நாய்க்கும் காக்கைக்கும் எறும்புக்கும் உணவிட்ட பிறகே தாம் உண்ண வேண்டும் என்பது அதன் நெறி. நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வர மாட்டேன் என்று தருமபுத்திரர் மறுத்த வரலாறு மகாபாரதத்தின் பதினேழாம் பருவத்தில் வருகிறது. அந்த நாய் தருமதேவதை என்பது மறுத்துச் சொன்னபோது அவருக்குத் தெரியாது. தேய்பிறை அஷ்டமியில் பைரவருக்கு வடைமாலை சாத்துகிறோம். அவருக்குப் பின்னே நிற்கும் கல்நாய்க்கும் சந்தனம் இடுகிறோம். வெளியே மதிலோரம் கிடக்கும் உயிருள்ள வாகனத்துக்கு நம்மிடமிருந்து கல் போகாமலாவது இருக்கட்டும்.

வயது முதிர்ந்த அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நோயுற்ற நாயை வெறுங்கையால் தொடாதீர்கள்; தனியாகப் பிடிக்க முயலாதீர்கள். வலியால் துடிக்கும் பிராணி அன்புடையவரையும் கடிக்கும். கடித்தாலோ பிறாண்டினாலோ அந்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனை சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். குனிந்து நிமிர இயலாதவர்கள், இயன்ற ஓர் இளைஞரைத் துணைக்கு அழைத்து, மருந்துச் செலவை ஏற்கலாம். வாசலில் ஒரு மண்தொட்டியில் நாள்தோறும் நல்ல நீர் ஊற்றி வைக்கலாம். நீருக்கு ஏங்கும் எங்கள் வானம் பார்த்த பூமியில் அதுவே பெரிய அபிஷேகம்.

பரணுக்குத் திரும்பாத அந்தச் சங்கு இப்போது கொல்லை மாடத்தில் இருக்கிறது. நாளை எந்த ஜீவனை இறைவன் அனுப்பி வைப்பானோ, நாம் அறியோம். வருவது யாராயினும் நாற்பத்தெட்டு நாளும் தவறாது உடனிருக்கும் மனத்தை நம் எல்லோருக்கும் திருமேனிநாதர் அருள்வாராக.