பழியை ஏற்க ஒரு மிட்டாய்

கீமோ ஏற்றும் நாளில் பிடித்த சாப்பாட்டைக் கொண்டுவராதீர்கள் என்று டயட்டீஷியன் சொன்னதும் கூட வந்தவர்களின் முகம் விழுந்துவிடும். முதல் நாள் இரவே சுண்டைக்காய் வற்றலை எடுத்து வைத்து, விடிவதற்குள் குழம்பு கூட்டி, சுட்ட அப்பளத்தோடு டிபன் கேரியரில் அடைத்துக்கொண்டு வந்திருப்பார்கள். ஊசி குத்துகிற அன்றைக்காவது வாய்க்குப் பிடித்ததாக நாலு வாய் சாப்பிடட்டுமே என்ற ஆதங்கம். குழம்பு நல்ல குழம்புதான், எண்ணமும் நல்ல எண்ணம்தான். ஆனால் மாலையில் குமட்டத் தொடங்கியதும் உடம்பு ஒரு குற்றவாளியைத் தேடும். அப்போது கையில் அகப்படுவது வற்றல் குழம்பு. சிகிச்சை முடிந்து, முடியெல்லாம் முளைத்த பிறகும் அந்த வாசனை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்பவர்கள் உண்டு.

வயிறு நடத்தும் இந்த விசித்திர நீதிமன்றத்தை முதலில் காட்டிக்கொடுத்தவை எலிகள். 1950களில் அமெரிக்கக் கடற்படையின் கதிர்வீச்சு ஆய்வுக்கூடத்தில் ஜான் கார்சியா என்பவர் எலிகள் மீது காமா கதிர் பாய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிர் அறைக்குள் எலிகள் தண்ணீரை அவ்வளவாகத் தொடவில்லை. தங்கள் கூண்டுக்குத் திரும்பினால் நன்றாகக் குடித்தன. அறையில் வைத்திருந்தது பிளாஸ்டிக் பாட்டில், கூண்டில் இருந்தது கண்ணாடி பாட்டில். பிளாஸ்டிக் ருசி ஏறிய தண்ணீரைக் குடித்த பின் வயிறு புரட்டியதால் பழி தண்ணீர் மேல் விழுந்துவிட்டது. பிறகு சாக்கரின் கலந்த தண்ணீரைக் கொடுத்துக் கதிர் பாய்ச்சினார். எலிகள் இனிப்பையே ஒதுக்கத் தொடங்கின. 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் இதைப் பற்றிய கட்டுரை வந்தது. அதைத் தொடர்ந்து அவர் செய்த சோதனைகளைச் சக அறிஞர்கள் பல ஆண்டுகள் நம்ப மறுத்தார்கள். காரணத்துக்கும் விளைவுக்கும் நடுவே சில நொடிகளுக்கு மேல் போனால் எந்த மிருகத்துக்கும் பாடம் ஏறாது என்பது அன்றைய சாஸ்திரம். வயிறோ மணிக்கணக்கில் பின்னோக்கிப் போய், நாக்கில் பட்ட ஏதோ ஒரு ருசியைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறது.

எலியிலிருந்து குழந்தைகளுக்கு வர 23 ஆண்டுகள் ஆயின. 1978இல் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்ற உளவியல் ஆய்வாளர், சியாட்டிலில் கீமோ எடுத்துக்கொண்டிருந்த குழந்தைகளுக்கு, மருந்து ஏறும் முன் ஒரு புது ஐஸ்கிரீமைக் கொடுத்தார். மேப்பிள் ருசியும் கறுப்பு வால்நட் ருசியும் சேர்ந்த அதன் பெயர் மேப்பிள்டாஃப். சில வாரம் கழித்து, அதே ஐஸ்கிரீம் வேண்டுமா, விளையாடுகிறாயா என்று கேட்டபோது அவர்களில் பெரும்பாலோர் விளையாட்டுக்குப் போய்விட்டார்கள். ஐஸ்கிரீம் தின்னாமல் மருந்து மட்டும் ஏற்றிக்கொண்டவர்களுக்கும், ஐஸ்கிரீம் தின்றும் வயிற்றைப் புரட்டும் மருந்து ஏறாதவர்களுக்கும் அந்த வெறுப்பு அவ்வளவாக இல்லை. இதில் நெஞ்சைத் தொடும் விஷயம் ஒன்று உண்டு. குமட்டலுக்குக் காரணம் மருந்துதான் என்பது பெரிய பிள்ளைகளுக்குத் தெரியும். தெரிந்து என்ன பயன்? வயிறு யாருடைய வாக்குமூலத்தையும் கேட்பதில்லை.

1987இல் பெர்ன்ஸ்டைனும் இன்னொருவரும் சேர்ந்து இதற்கு ஒரு தந்திரம் கண்டார்கள். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவே வாசனை தூக்கலான ஒரு மிட்டாயைக் கொடுத்தால், பழி மிட்டாய் மேல் போகிறது, சாப்பாடு தப்பிவிடுகிறது. மிட்டாயைப் பலியாடு என்றே அந்தக் கட்டுரையின் தலைப்பு சொல்கிறது. புற்றுநோய் மருத்துவத்தின் ஆயிரக்கணக்கான கட்டுரைகளுக்கு நடுவே இவ்வளவு கருணையும் கள்ளத்தனமும் சேர்ந்த யோசனை வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

தமிழ்நாட்டில் இதே சோதனையை யாராவது கட்டுரையாக எழுதினார்களா தெரியாது. ஆனால் வீடுதோறும் நடத்தியிருக்கிறார்கள். எழுபதைத் தாண்டிய யாரையாவது உட்கார வைத்து, விளக்கெண்ணெய் என்று சொல்லிப் பார்க்கலாம். தோள் ஒருமுறை குலுங்கும். பள்ளி விடுமுறையில் ஒரு விடியற்காலை, வெறும் வயிறு, கொல்லைக் கதவு திறந்தே இருக்கும். வரிசையாகப் பிள்ளைகள். ஒருவர் கையைப் பிடிக்க, ஒருவர் மூக்கைப் பொத்த, எண்ணெய் உள்ளே போகும். அதைத் தனியாகக் கொடுத்தால் துப்பிவிடுவான் என்று சில வீடுகளில் சூடான காப்பியில் ஊற்றி ஆற்றிக் கொடுத்தார்கள். மேலே எண்ணெய் வட்டம் வட்டமாக மிதக்கும். மற்ற நாளில் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைக்காத காப்பி அது; முதல் மடக்கு ஆசையாகவே இறங்கும். பிறகு மதியம் வரை கொல்லைக்கும் திண்ணைக்கும் நடை. வயிறு ஓய்ந்த பின் குழைந்த சாதம், மிளகு ரசம்.

அந்தத் தலைமுறையில் காப்பி ஆகாது என்பவர்கள் சிலர் இன்றும் இருக்கிறார்கள். கும்பகோணத்துக் கல்யாண வீட்டில், பித்தளை டபராவில் நுரை பொங்க வரும் காப்பியை விலக்கிவிட்டு, டீ கிடைக்குமா என்று தணிந்த குரலில் கேட்பார்கள். எண்ணெயைக் கொடுத்த கையை மன்னித்துவிட்டார்கள். காப்பிக்குத்தான் இன்னும் மன்னிப்புக் கிடைக்கவில்லை. ரசத்துக்கு ஒரு களங்கமும் ஒட்டவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அது தொல்லை தீர்ந்தபின் வந்தது.

கெட்டிக்காரப் பாட்டிகள் காப்பியைத் தொட்டதே இல்லை. எண்ணெயை எண்ணெயாகவே புகட்டிவிட்டு, கடைவாயில் ஒரு துண்டு உப்பு நாரத்தங்காயைத் திணித்தார்கள். உப்பும் புளிப்பும் கசப்பும் சேர்ந்து மற்ற ருசியையெல்லாம் அமுக்கிவிடும். அவர்களுக்குக் கார்சியாவையும் தெரியாது, எலியையும் தெரியாது.

கீமோ நாளுக்கு எந்த மிட்டாயைப் பலி கொடுக்கலாம் என்பது அந்தந்த வீட்டின் முடிவு. தேன்மிட்டாய் கூடாது, அதை இழப்பது அநியாயம். இஞ்சி மரப்பாவையும் சேர்க்க வேண்டாம், பிறகு குமட்டலுக்கு அதுவே உதவலாம். போனால் போகட்டும் என்று விடக்கூடிய, யாரும் கேட்டு வாங்காத ஏதோ ஒரு பெப்பர்மிண்ட் போதும். வாயில் புண் இருந்தால் அதுவும் எரியும், நாரத்தங்காய் இன்னும் எரியும். வாய்ப் புண் இருக்கும் நாட்களில் ஆறிய கஞ்சி, தயிர்சாதம், குழைத்த பருப்பு என்று காரமும் புளியும் இல்லாமல் போவதுதான் நல்லது. எதையும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

நாக்கின் பக்கமும் ஒரு கோளாறு உண்டு. ருசி அறியும் செல்கள் பத்து நாள், இரண்டு வாரத்தில் பழசு போய்ப் புதுசு வரும் வகை. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவது கீமோவின் வேலை. கட்டி எது, மயிர்க்கால் எது, நாக்கு எது என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. அதனால் தண்ணீர்கூட இரும்பு இரும்பாக இருக்கிறது என்பார்கள். உலோகக் கரண்டியைத் தவிர்த்து மரக் கரண்டியோ பீங்கானோ கொடுங்கள் என்பது மருத்துவமனைகளில் வழக்கமாகச் சொல்லும் யோசனை. அன்றைக்குத்தான் பல தமிழ் வீடுகளுக்குத் தெரியவரும், தட்டு, டம்ளர், கரண்டி, சாதம் எடுக்கும் கரண்டிவரை எல்லாமே எவர்சில்வர் என்று. பரிசாக வந்து பரணில் கிடந்த பீங்கான் கோப்பைக்கு அப்போது யோகம் அடிக்கும்.

வாசனையும் ஒரு எதிரி. சூடான சாப்பாடு அதிகம் மணக்கும், ஆறியது குறைவாக. இட்லி பிழைத்துக்கொள்ளும், தாளிப்புதான் வம்பு. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954இல் தொடங்கியது முதல் வெளியூரிலிருந்து வருபவர்கள் ஏராளம். இப்படிப்பட்ட மருத்துவமனைகளைச் சுற்றி ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்து, மூலையில் அடுப்பை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் தங்குகிறார்கள். கரண்ட் வைக்க, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு, வந்தவர் கட்டிலில் படுத்திருக்க, நாலடி தள்ளிக் கடுகு வெடித்தால் அவர் எங்கே போவார்? அவரைச் சற்று வெளியே உட்கார வைத்துவிட்டுச் சமைப்பதுதான் வழி.

சமைப்பவரை எரிச்சலூட்ட உறவினர்களும் இருக்கிறார்கள். முள் சீத்தாப்பழம் கீமோவைவிட 10,000 மடங்கு வலியது என்று வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று உறங்கப் போவார்கள். இன்னொரு கூட்டம் சர்க்கரையை நிறுத்து, அதுதான் கட்டிக்குத் தீனி என்று மிரட்டும். கட்டிகள் குளுக்கோஸை அதிகமாக இழுப்பதை ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டார் என்பது உண்மை. ஆனால் நோயாளி இனிப்பை நிறுத்தினாலும் உடம்பு மற்ற உணவிலிருந்து குளுக்கோஸைச் செய்துகொள்ளும். நீரிழிவு இல்லாதவரிடமிருந்து பாயசத்தைப் பிடுங்குவதால் கட்டி பட்டினி கிடப்பதில்லை, ஆள்தான் இளைக்கிறார். இளைப்பது சின்ன விஷயமும் அல்ல. பல கீமோ மருந்துகளின் அளவை உயரத்தையும் எடையையும் வைத்தே கணக்கிடுகிறார்கள். எடை மிகவும் சரிந்தால் சிகிச்சையைத் தாங்கும் தெம்பும் சரியும். கஞ்சியில் ஒரு கரண்டி நெய், பாலில் கொஞ்சம் பால்பவுடர், நன்றாக வெந்த முட்டை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக என்பது பழத்தட்டு நீட்டுவதைவிட உபயோகமானது.

மூன்று வாரச் சுற்றில் மருந்து எடுப்பவர்கள் பலருக்கு, அடுத்த ஊசிக்கு முந்தைய சில நாட்களில் பசி மெல்லத் திரும்பும். சுண்டைக்காய் வற்றலை அந்த நாட்களுக்கு எடுத்து வைக்கலாம். வறுக்கும் வாசனைக்குச் சமையலறை வாசலில் வந்து நின்று, நல்லெண்ணெய் போதாது என்று நோயாளி குறை சொன்னால் இன்னொரு கரண்டி ஊற்றிவிட வேண்டும்.