அப்பாவின் லேத்தும் ஒரு துப்பாக்கியின் புதுக் குழலும்!

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களின் யூடியூப் ஹிஸ்டரியைப் பார்த்தால் வீட்டில் உள்ளவர்கள் குழம்பிப்போவார்கள். காலையில் தங்கம் விலை, மதியம் சீரியல் நடிகையின் வளைகாப்பு, மாலையில் புயல் வரைபடம். என்னுடையதும் அப்படித்தான். சில மாதங்களாக அதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: பழைய ரைஃபிளுக்குப் புதுக் குழல் மாட்டும் வீடியோக்கள்!

ஆரம்பித்து வைத்தது .303 ரைஃபிள். போலீஸ்காரர்களின் தோளில் பல வருடங்கள் தொங்கிய அதே மரக்கட்டைத் துப்பாக்கி. உத்தரப்பிரதேச போலீஸார் 2020 குடியரசு தினத்தில் அதற்கு விடைகொடுத்தார்கள். அதைப் பற்றிப் படிக்கப் போய், மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையின் கதைக்குள் நுழைந்தேன். 1962 சீனப் போருக்குப் பிறகு, .303 ரைஃபிளின் அதே அமைப்பை வைத்துக்கொண்டு, 7.62 மி.மீ தோட்டாவுக்கு ஏற்ற '2ஏ1' ரைஃபிளை உருவாக்கினார்கள். தோட்டா மாறினால் குழல் மாற வேண்டும். குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் 'சேம்பர்' என்ற அறையும் மாற வேண்டும். அதை எப்படிச் செய்வார்கள் என்று தேடியபோது கிடைத்ததுதான் அமெரிக்காவின் ஒரு சின்னப் பட்டறையில் எடுத்த வீடியோ.

முக்கால் மணி நேரம் ஓடிய அந்த வீடியோவில் யாரும் சுடவே இல்லை. முழுக்க லேத்! பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். கோவை கணபதியில் முப்பது வருடமாக டர்னர் வேலை பார்ப்பவர் அப்பா. கோயில் திருவிழாவில் பலூன் சுட்டதைத் தவிர துப்பாக்கியைத் தொட்டதில்லை. அந்த மனிதர் பேசுகிற இங்கிலீஷும் அப்பாவுக்குப் புரியாது. ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், எனக்கே வகுப்பு எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"இங்க பாரு கண்ணு, ஜாப்பை சென்டர் பாக்கறான். இப்ப த்ரெட் போடுவான் பாரு..." சொன்ன மாதிரியே அவர் த்ரெட் போட்டார். அடுத்து, தோட்டாவின் வடிவத்திலேயே இருந்த ரீமரை மெல்ல மெல்ல உள்ளே விட்டு சேம்பரைக் குடைந்தார். கொஞ்சம் குடைவது, வெளியே எடுப்பது, சுத்தம் செய்வது, அளந்து பார்ப்பது. பாதி நேரம் அளப்பதிலேயே போனது.

அத்தனை முறை எதற்கு அளக்க வேண்டும்? போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி, பின்னாலிருந்து தாழ்ப்பாள் போல அடைப்பது போல்ட். போல்ட்டின் முகத்திலிருந்து, சேம்பருக்குள் தோட்டா முட்டி நிற்கும் இடம் வரை உள்ள நீளத்துக்கு 'ஹெட்ஸ்பேஸ்' என்று பெயர். அது குறைந்தால் போல்ட் மூடாது. கூடினால் ஆபத்து. சுடும்போது பித்தளை உறை இழுபட்டு அறுந்துபோகலாம். கொதிக்கும் வாயு பின்பக்கமாகப் பீறிட்டு வரலாம். சுடுகிறவர் கன்னத்தை வைத்துக்கொண்டிருப்பது அந்த போல்ட்டுக்குப் பக்கத்தில்தான்.

கார் டயரில் நாம் அடிக்கும் காற்று சுமார் 32 பி.எஸ்.ஐ. 7.62 தோட்டாவின் நெருங்கிய சொந்தமான .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு, சேம்பருக்குள் அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் 62,000 பி.எஸ்.ஐ. கிட்டத்தட்ட இரண்டாயிரம் மடங்கு!

இதைச் சரிபார்க்க இரண்டு எஃகுத் துண்டுகள் போதும். ஒன்று 'கோ' கேஜ், இன்னொன்று 'நோ-கோ' கேஜ். முதலாவதை வைத்தால் போல்ட் மூட வேண்டும். இரண்டாவதை வைத்தால் மூடவே கூடாது. .308-க்கு முதல் கேஜின் அளவு 1.630 அங்குலம், இரண்டாவது 1.634 அங்குலம்.

"நாலு தௌ" என்றார் அப்பா. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை அவர் பட்டறையில் அப்படித்தான் சொல்வார்கள். மேஜையில் இருந்த ஏ4 தாளை எடுத்து மைக்ரோமீட்டரில் பிடித்துக் காட்டினார். அதுவும் ஏறக்குறைய நாலு தௌதான். நல்ல குழலுக்கும் ஆபத்தான குழலுக்கும் நடுவே கோடு போடுவது ஒரு தாளின் தடிமன்!

எனக்கு ஒன்பதாம் வகுப்புத் தீபாவளி ஞாபகம் வந்தது. பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்கு இருநூறு புஷ் கடைந்திருந்தார் அப்பா. கடைசி அறுபதில், போகக் கூடாத கேஜ் உள்ளே போனது. "பரவாயில்லை, நல்லதோடு கலந்து அனுப்பிடுங்க" என்றார் ஆர்டர் கொடுத்தவர். அப்பா அறுபதையும் தூக்கி ஸ்கிராப்பில் போட்டுவிட்டு, சொந்தக் காசில் மெட்டீரியல் வாங்கி மறுபடி கடைந்தார். என் தீபாவளி டிரஸ் கார்த்திகை தீபத்துக்குத்தான் வந்தது. "பம்ப்தானேங்ப்பா, யாருக்கு என்ன ஆயிரப்போவுது?" என்று அழுதுகொண்டே கேட்டேன். "ராத்திரி ரெண்டு மணிக்குக் கரன்ட் வரும்னு ஒருத்தன் காட்டுல காத்துட்டு நிப்பான் கண்ணு. அப்பப் போயி பம்ப் நின்னா?" என்றார். அப்போது புரியவில்லை. அந்த இரண்டு எஃகுத் துண்டுகளைப் பார்த்தபோது புரிந்தது.

அடுத்த வீடியோ அப்பாவைக் கொஞ்சம் சங்கடப்படுத்தியது. அமெரிக்காவின் சாவேஜ் நிறுவனம் 1958-ல் கொண்டுவந்த '110' ரைஃபிளில், குழலை ஒரு பெரிய நட்டு பிடித்து நிறுத்துகிறது. கேஜை உள்ளே வைத்து, குழலை முட்டும் வரை திருகி, நட்டை முடுக்கினால் ஹெட்ஸ்பேஸ் அமைந்துவிடும். தொழிற்சாலையில் செலவும் நேரமும் மிச்சம். சேம்பர் குடைந்தே வரும் குழல் என்றால், மாட்டுவதற்கு லேத்தே தேவையில்லை.

அப்பா சிறிது நேரம் பேசவில்லை. சி.என்.சி வந்த பிறகு அவர் பட்டறைக்கு வரும் ஆர்டர் பாதியாகிவிட்டது. "அங்கயும் லேத்துக்காரனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க போல" என்றார். பிறகு அவரே வீடியோவைப் பின்னால் இழுத்து, நட்டை முடுக்கிய இடத்தை மறுபடி பார்த்தார். நட்டை முடுக்கியதும் அந்த மனிதர் நோ-கோ கேஜை எடுத்து வைத்தார். போல்ட் மூடவில்லை. அப்பா முகத்தில் சிரிப்பு. "நட்டு வந்தாலும் கேஜ் வெக்கோணும்ல?"

இதைப் படித்துவிட்டு யாரும் முயற்சி செய்து பார்க்க வேண்டாம். 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, நம் நாட்டில் துப்பாக்கியை வைத்திருக்க மட்டுமல்ல, தயாரிக்க, மாற்றியமைக்க, பழுதுபார்க்கவும் லைசென்ஸ் வேண்டும். அளவில்லாமல், கேஜ் இல்லாமல் குழாயை வைத்துச் செய்யும் நாட்டுத் துப்பாக்கி வெடித்துக் கையை இழந்தவர்களின் செய்தி எங்கள் டெஸ்க்குக்கும் வருவதுண்டு.

உள்ளே போகிற கேஜை எல்லோரும் சந்தோஷமாகப் போட்டுப் பார்ப்பார்கள். போகக் கூடாததை எடுத்து வைத்துப் பார்க்கத்தான் மனசு வேண்டும். ஏனென்றால், அது போய்விட்டால் அன்றைய உழைப்பு மொத்தமும் ஸ்கிராப். அந்த நஷ்டத்தைப் பட்டறையிலேயே ஒருவர் ஏற்றுக்கொள்வதால்தான், அவர் பார்க்கவே போகாத இன்னொருவரின் கண் தப்பிக்கிறது.

அப்பாவின் லேத்தை விற்பதா வேண்டாமா என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. இரண்டு பேர் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கேஜ் பெட்டியை மட்டும் விலை பேசக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்.