வளைவில் எண்ணெய் எங்கே போகிறது?

தாம்பரம், செம்பாக்கம், மேடவாக்கம் பக்கம் குடியிருக்கும் எந்தப் பெண்ணுக்கும் சம்ப் என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. கோடையில் தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும், சம்ப்பில் இன்னும் எத்தனை சாண் தண்ணீர் இருக்கிறது, எவ்வளவு குறைந்தால் ஃபுட் வால்வு காற்றை இழுத்து மோட்டார் சும்மா ஓடும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அதே சொல்லைக் கார் இன்ஜினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டிக்குச் சொன்னால், பேச்சு சட்டென்று ஆண்கள் பக்கம் போய்விடுகிறது.

எனக்கு அந்தச் சம்ப் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. கார், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. பெருங்களத்தூர், வண்டலூர்ப் பக்கம் ஜி.எஸ்.டி. சாலையோரம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் சுமார் பத்து ஆண்டுகள் செய்யப்பட்ட வண்டி. தொழிற்சாலை 1980களின் இறுதியில் நின்றுபோனது. இன்று அந்த இடத்தில் ஐ.டி. அலுவலகங்களும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. எங்கள் ஹெரால்டை வாங்கியதும் ஓட்டியதும் என் அத்தை. சானடோரியத்தில் நர்ஸ் வேலைக்குத் தினமும் அதில்தான் போய்வந்தார். இப்போது அது என் பெயரில் இருக்கிறது.

ஹெரால்டின் பானட் மற்ற கார்களைப் போல் இல்லை. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்த முழு முகமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும். முன் டயரின் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். அத்தை புடவைக் கட்டோடு அப்படித்தான் உட்கார்ந்து பிளக் கழற்றித் துடைப்பார். தெருவில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். அதற்குமேல் யாரும் எதுவும் சொன்னதில்லை. ஆனால் சம்ப்பை அவர் தொட்டதே இல்லை. அதைப் பார்க்க வேண்டுமென்றால் காருக்கு அடியில் மல்லாந்து படுக்க வேண்டும். நம் ஊரில் எந்தத் தெருவில் ஒரு பெண் அப்படிப் படுக்க முடியும்? 'இந்த வேலை பெண்களுக்குத் தெரியாது' என்பதன் பாதிக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். படுத்துப் பார்க்க இடம் கிடைத்தவர்களுக்கு வண்டியின் அடிப்பக்கம் தெரிந்தது.

என் ஆசை, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் இந்தக் காரை ஒருநாள் வேகமாக ஓட்ட வேண்டும் என்பது. 1990-இல் திறந்த அந்தத் தடத்தின் ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். ஹெரால்டின் இன்ஜின் வெறும் 948 சிசி. அமெரிக்க மசில் கார்களின் எட்டு சிலிண்டர் இன்ஜினுக்கு முன்னால் இது ஒரு தையல் மெஷின். ஆனால் வளைவில் இரண்டுக்கும் ஒரே நோய்தான் வரும்.

அந்த நோய் இப்படி. தகரத்தை அழுத்திச் செய்த சம்ப்பில் ஏறக்குறைய நான்கு லிட்டர் எண்ணெய் நிற்கும். வலை மூடிய ஒரு குழாய் வழியாகப் பம்ப் அதை இழுத்து கிராங்க்கின் மெட்டல் பேரிங்குகளுக்கு அனுப்பும். அங்கே உலோகத்தோடு உலோகம் உரசாமல் காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டுமே. வேகமாக இடப்பக்கம் திரும்பினால் எண்ணெய் வலப்பக்கச் சுவரில் ஏறிவிடும். பிரேக் அடித்தால் முன்னால் ஓடும். ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் ஓடும். குழாயின் வாய் காற்றை உறிஞ்சும். டிப் ஸ்டிக்கில் அளவு சரியாகவே இருக்கும். வேண்டிய நொடியில் பேரிங்குக்கு எண்ணெய் போயிருக்காது. லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்களுக்கு இது புரியாத பாடமா?

நான் முதலில் போன பட்டறையில், "சார் வரட்டும் மேடம், பேசிக்கலாம்" என்றார்கள். வர எந்த சாரும் இல்லை என்றதும், "சட்டியில எண்ணெய் ஊத்தற மாதிரிதான் மேடம், அரை லிட்டர் கூட ஊத்திட்டா போதும்" என்றார் ஒருவர். எண்ணெய் மட்டம் அளவுக்கு மேல் ஏறினால் சுழலும் கிராங்க் அதை அடித்து நுரையாக்கிவிடும், நுரையை இழுத்தால் பம்ப் இழுப்பது பாதி காற்றுதானே என்று கேட்டேன். அவர் என்னிடம் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்துச் சிரித்தார். சமையலறை உதாரணத்தில் எனக்குக் குறையில்லை. அதோடு எனக்குப் போதும் என்று அவர் முடிவு செய்துகொண்டதுதான் குறை.

இடம் மாறும் திரவத்தை அடக்கியதில் ஒரு பெண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் விமானம் மூக்கைச் சட்டெனக் கவிழ்த்தால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நிலைகுலைந்து இன்ஜின் திணறும். பீட்ரிஸ் ஷில்லிங் என்ற பொறியாளர், நடுவில் துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டால் 1941-இல் அதைப் பெருமளவு தீர்த்தார். விமானத் தளம் தளமாகப் போய்ப் பொருத்தவும் செய்தார். அதற்கு முன்பே புரூக்லாண்ட்ஸ் தடத்தில் மோட்டார் சைக்கிளை மணிக்கு நூறு மைலுக்கு மேல் ஓட்டியவர் அவர். அந்தத் துளைக்கு அவர் பெயரையே வைத்து, இரட்டை அர்த்தத்தில் சிரித்தார்கள் ஆண்கள். துண்டு மட்டும் வேலை செய்துகொண்டே இருந்தது.

முடிச்சூர் சாலையில் ஒரு வயதான மெக்கானிக், பட்டறையில் இருந்த குழியைக் காட்டி, "இறங்கிப் பாரும்மா" என்றார். சம்ப்பைக் கழற்றினோம். அடியில் படிந்திருப்பதை விரலால் தடவினால் இன்ஜின் எப்படி வாழ்ந்தது என்று தெரிந்துவிடும். காந்தத்தில் ஒட்டினால் இரும்புத் தூள். ஒட்டாமல் மினுங்கினால் பேரிங் தேய்கிறது. கிளட்சை மிதிக்கும்போது கிராங்க் முன்னால் நகராமல் தடுக்கும் அரைவட்ட வாஷர்கள் தேய்ந்து சம்ப்பில் விழுவது இந்த இன்ஜின் வகையின் பழைய வியாதி. எங்களுடையதில் விழவில்லை.

பிறகு தேர்வு. ஆழமான சம்ப்பில் எண்ணெய் கூடுதலாகப் பிடிக்கும். நேர்கோட்டில் பாயும் மசில் கார்களுக்குப் பின்பக்கம் ஆழமாக வைப்பார்கள், பாயும்போது எண்ணெய் போய்ச் சேரும் இடம் அதுதான் என்பதால். ஆனால் எங்கள் தெரு வேகத்தடைகளில் அது முதல் நாளே தட்டும். வார்ப்பு அலுமினியச் சம்ப் சூட்டை நன்றாகக் கடத்தும், பார்க்கவும் அழகு. கல் பட்டால் விரிசல் விடும். தகரம் ஒடுங்கும், தட்டி எடுக்கலாம். ஒடுங்கியது குழாய் வாயை அடைக்காதவரை பயமில்லை. எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப், பெரிய பந்தயக் கார்களுக்கானது. என் காருக்கும் என் சம்பளத்துக்கும் மிகை.

பழைய தகரச் சம்ப்பையே வைத்துக்கொண்டு, உள்ளே தடுப்புத் தகடுகள் பற்றவைப்பது என்று முடிவு செய்தேன். குழாய் வாயைச் சுற்றி நான்கு சிறு சுவர்கள், அடியில் எண்ணெய் உள்ளே வர மெல்லிய இடைவெளி, எண்ணெய் மேலேறாமல் தடுக்க ஒரு மேல்தட்டு. கிராங்க் சுழலும் வட்டத்தில் தட்டு இடிக்கக் கூடாது. குழாய் வாய்க்கும் சம்ப்பின் தரைக்கும் இடையே கால் அங்குலத்துக்குக் குறையாமலும் அரை அங்குலத்தைத் தாண்டாமலும் இடம் வேண்டும். வடிக்கும்போது எண்ணெய் எந்த மூலையிலும் தேங்கக் கூடாது. இதையெல்லாம் அளவோடு ஒரு தாளில் வரைந்து குரோம்பேட்டை வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பற்றவைத்தபின் வெளிப்புறம் சாக்பீஸ் பூசி, உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி ராத்திரி முழுக்க வைத்தோம். காலையில் சாக்பீஸில் ஈரக்கறை இல்லை.

திரும்பப் பொருத்தும்போது ஒரு வேடிக்கை. 'இதற்கெல்லாம் ஆம்பளை பலம் வேணும்' என்று கேட்டே வளர்ந்தவள் நான். இந்த இன்ஜினில் சம்ப்பின் முன்பக்க போல்ட்டுகள் மென்மையான அலுமினியக் கட்டைக்குள் இறங்குகின்றன. பலம் காட்டினால் மரை பிய்ந்துவிடும். ஏற்கெனவே இரண்டு மரைகள் பிய்ந்திருந்தன. இத்தனை வருஷம் அந்தப் போல்ட்டைத் தொட்ட கைகள் யாருடையவை என்று அத்தையைக் கேட்டால் சொல்வார்.

கிண்டி பொறியியல் கல்லூரி 1940களில் முதல் பெண் பொறியாளர்களை அனுப்பியது. இன்று ஜி.எஸ்.டி. சாலை நெடுகப் பொறியியல் கல்லூரிகள், எல்லாவற்றிலும் பெண்கள். ஆனாலும் மெக்கானிகல் படிக்கிறேன் என்று சொல்லும் பெண்ணிடம் இன்னும் 'ஏன்' என்றுதான் கேட்கிறார்கள். படித்து முடித்தவளைப் பட்டறைத் தரைக்கு அனுப்பாமல் மேஜைக்கு அனுப்புகிறார்கள். எண்ணிக்கையைப் பார்த்தால் நிறைவாகத்தான் இருக்கிறது, டிப் ஸ்டிக்கில் தெரிகிற அளவு போல. வேலைக்குச் சேரும்போதும் கல்யாணத்தின்போதும் பிள்ளை பெறும்போதும் அந்தப் படிப்பு எந்தப் பக்கம் ஒதுங்கிப்போகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. அங்கேதான் தடுப்புச் சுவர் வேண்டும்.

உங்களில் யாராவது பழைய வண்டி ஒன்றுக்குச் சம்ப் தேடினால் மூன்று கேள்விகள் போதும்: எங்கே ஓட்டப்போகிறேன், அங்கே எண்ணெய் எந்தப் பக்கம் ஓடும், அடிபட்டால் என் தெருவில் யார் சரிசெய்வார்கள். பதிலை யாரும் மேலேயிருந்து சொல்ல வேண்டாம். குழியில் இறங்கிப் பாருங்கள். இறங்க விடாத பட்டறைக்குப் பணம் கொடுக்காதீர்கள்.