தலைக்குள் இருக்கும் போலீஸ்

நாடக இயக்குநர் என்றதும் என் நினைவுக்கு முதலில் வருபவர் பிரேசிலின் அகஸ்தோ போவால். 1971இல் ராணுவ ஆட்சி அவரைக் கைது செய்து சித்திரவதை செய்தது. பிறகு அர்ஜென்டினா, பெரு, ஐரோப்பா என நாடுகடந்த வாழ்க்கை.

பெருவில்தான் அந்தத் திருப்பம். கணவனால் ஏமாற்றப்பட்ட ஒரு பெண்ணின் கதை மேடையில். முடிவு என்னவாக இருக்கலாம் என்று பார்வையாளர்கள் சொல்லச் சொல்ல, நடிகர்கள் நடித்துக் காட்டுகிறார்கள். ஒரு பெண்மணிக்கு எதுவுமே திருப்தியில்லை. "நீங்களே வந்து செய்து காட்டுங்கள்" என்றார் போவால். அந்தப் பெண்மணி மேடையேறி, கணவனாக நடித்தவரை நன்றாகவே வெளுத்துவிட்டார்! பார்வையாளரே நடிகராகும் மன்ற அரங்கு அங்கிருந்து வளர்ந்தது என்று போவாலே எழுதியிருக்கிறார்.

என்னை அதிகம் உலுக்குவது பாரிஸ் காலம். அங்கே பட்டறைக்கு வந்தவர்கள் போலீஸைப் பற்றிப் பேசவில்லை. தனிமை, வெறுமை, பேச முடியாமை பற்றிப் பேசினார்கள். இதெல்லாம் ஒடுக்குமுறையா என்று முதலில் தயங்கினார் போவால். பிறகு, உளப்பகுப்பாய்வாளரான மனைவி செசிலியாவுடன் சேர்ந்து, தலைக்குள் குடியேறிய போலீஸைத் தேடும் பட்டறை நடத்தினார். அந்தத் தயக்கத்தைக் கடந்ததுதான் அவருடைய மிகப் பெரிய துணிச்சல் என்பேன். அரசியலும் மனச் சிகிச்சையும் வேறுவேறு அறைகள் என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பின்னர் பிரேசிலுக்குத் திரும்பிய போவால், 1992இல் ரியோ நகர்மன்றத்துக்குத் தேர்வானார். மக்கள் நாடகங்களில் எழுந்த கோரிக்கைகளிலிருந்து 13 சட்டங்கள் பிறந்தன.