கானல்வரிக்கு உரை இல்லை

பூம்புகார் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தில் நிற்கும்போது கண்ணகிக்கு முன்னால் எனக்குச் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்த உ.வே.சா.தான் நினைவுக்கு வருகிறார்.

'சொந்தமாப் போட்ட புத்தகமா?' என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு ஒரு தகவல். கும்பகோணம் கல்லூரி வாத்தியாராக இருந்துகொண்டு, முன்கூட்டியே கையொப்பம் திரட்டி, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டவர் அவர். பெரிய பதிப்பகம் எதுவும் பின்னால் இல்லை. 1892இல் சிலப்பதிகாரம் வந்தது. ஊர் ஊராகத் தேடிய சுவடிகளை ஒப்பிட்டு, பாடபேதங்களைக் குறித்து, பழைய உரைகளான அரும்பதவுரையையும் அடியார்க்குநல்லார் உரையையும் சேர்த்துத் தந்தார். அந்தக் காப்பியத்தில் இதே புகார்க் கடற்கரையில் நடக்கும் கானல்வரிப் பகுதிக்கு அடியார்க்குநல்லார் உரை கிடைக்கவில்லை. உ.வே.சா. தானே எழுதி அந்த உரையாசிரியர் பெயரில் ஒட்டிவிடவில்லை. இல்லாததை இல்லாததாகவே விட்டார். எடிட்டிங்கில் பாதி வேலை இந்த அடக்கம்தான் என்பேன்.

இன்று பெரிய பதிப்பகப் புத்தகங்களிலும் எழுவாய் பன்மை, வினைமுற்று ஒருமை. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியதில் கொம்பும் காலும் இடம்மாறிக் கிடக்கின்றன. சந்திப்பிழையைக்கூட மன்னிக்கலாம், முதல் அத்தியாயத்தில் செத்த மாமா ஏழாம் அத்தியாயத்தில் காபி குடிப்பதை எப்படி மன்னிப்பது? மெய்ப்புப் பார்ப்பதையே எடிட்டிங் என்று நினைத்துக்கொள்கிறோம். க்ரியா பதிப்பகத்தின் ராமகிருஷ்ணன்போல வாக்கியம் வாக்கியமாக எழுத்தாளரோடு உட்கார்ந்து மல்லுக்கட்டியவர்கள் தமிழில் குறைவு.

அட்டை வரைந்தவர் பெயர் போடுகிறோம். எடிட்டர் பெயர் போட்ட தமிழ் நாவல் உங்கள் அலமாரியில் இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.