ஓடும் நீரில் ஓதிய பாடம்

ஒன்றும் அறியாதவனை அவனுடைய அச்சம் காக்கும். எல்லாம் அறிந்தவனை அவனுடைய அறிவு காக்கும். இரண்டுக்கும் இடையே நிற்பவனைக் காப்பது எது? அச்சம் அவனை விட்டுப் போயிருக்கும். அறிவு இன்னும் வந்து சேர்ந்திருக்காது. ஆசானின் கை அவனுக்குத்தான் மிகுதியாகத் தேவைப்படுகிறது. ஆனால் அவன்தான் அந்தக் கையை உதறிவிட்டு ஓடத் துடிக்கிறான்.

கீழக்கரையிலிருந்து பிழைப்புத் தேடி வந்த நான், இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரகடத்துத் தொழிற்சாலைகளில் பணியாற்றி வருகிறேன். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியதிலிருந்து, ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஏரிப் பாசன வயல்கள் இருந்த இடங்களில் ஆலைகளின் தகரக் கூரைகள் எழுந்தன. தகடு அழுத்தும் பெரிய இயந்திரங்களின் அருகே நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. நேற்று வந்த பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பான். முதிர்ந்த தொழிலாளி அச்சு ஏறி நின்ற பின்னரும் ஒரு கணம் பொறுத்தே கையை நீட்டுவார். ‘எல்லாம் பழகிவிட்டது’ என்று எண்ணும் இரண்டாம் ஆண்டுக்காரனை நினைத்துத்தான் மேற்பார்வையாளனுக்கு உறக்கம் வராது.

என் மகனுக்குப் பதினெட்டு வயதானபோது, வீட்டிலும் அப்படி ஒரு இரண்டாம் ஆண்டுக்காரன் தோன்றினான். முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் ஓராண்டாகக் கயாக் ஓட்டிப் பழகியவன், “வாப்பா, நிக்கிற தண்ணி போதும். ஓடுற தண்ணியில ஓட்டணும்” என்றான்.

கயாக் என்பது ஒருவர் மட்டும் இடுப்புவரை உள்ளே செருகி அமர்ந்து, இருபுறமும் அலகுள்ள துடுப்பால் செலுத்தும் சிறு படகு. வடதுருவத்து இனூயிட் மக்கள் எலும்பாலும் ஒதுங்கிய மரத்தாலும் சட்டம் கட்டி, கடல்நாய்த் தோல் போர்த்தி வேட்டைக்காக இதனைச் செய்தனர். இன்றைய ஆற்றுக் கயாக் நம் வீட்டு மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டிக்கு உடன்பிறப்பு! பாலிஎத்திலீன் தூளை அச்சிலிட்டுச் சூட்டில் சுழற்றித் தொட்டியை வார்க்கும் அதே முறையில்தான் இதனையும் வார்க்கிறார்கள். அதனால்தான் பாறையில் மோதினாலும் நசுங்குமே தவிர எளிதில் உடையாது.

என் மனைவி ஒரே சொல்லில் மறுத்துவிட்டாள். “தண்ணி ஒரு தடவை என் தம்பியக் கொண்டு போச்சுங்க. இன்னொரு தடவை நானே எப்படி அனுப்பி வைப்பேன்?”

2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாற்றங்கரை வரதராஜபுரத்தில் நாங்கள் குடியிருந்தோம். மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் உபரி நீரெல்லாம் ஆற்றில் இறங்கித் தெருவே ஆறாகிவிட்டது. பக்கத்துத் தெரு மூதாட்டி ஒருவருக்கு மருந்து கொண்டுபோன என் மச்சான் இடுப்பளவு நீரில் சாய்ந்தவர், பின் எழவில்லை. ஊர்க் குளத்தில் எங்களுக்கெல்லாம் நீச்சல் சொல்லித் தந்தவர் அவர். நீந்தத் தெரிந்தவர் இடுப்பளவு நீரில் எப்படிப் போனார் என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஆண்டுக்கணக்காக விடையின்றிக் கிடந்தது.

இறுதியில் ஒரு நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. முறையான ஆசானிடம் கற்க வேண்டும். நானும் உடன் சென்று கற்க வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் மாணவனானேன். மழை சற்றே தணிந்த ஒரு செப்டம்பரில் மங்களூர் மெயிலில் கோழிக்கோடு போய், அங்கிருந்து கோடஞ்சேரி சென்றோம். துஷாரகிரி அருவிகளின் அடிவாரமான அவ்வூரில் சாலிப்புழையும் இருவஞ்ஞிப்புழையும் பாறைகளுக்கிடையே பாய்கின்றன. 2013-ல் தொடங்கிய மலபார் ஆற்றுத் திருவிழா பல நாட்டுக் கயாக் வீரர்களை அங்கே வரவழைத்திருக்கிறது.

ஓட்ட நீரை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிக்கிறார்கள். முதல் தரம் சிற்றலை. ஆறாம் தரம் உயிரைப் பணயம் வைப்பது. எங்களுக்குரியது இரண்டிலிருந்து மூன்றாம் தரத்துக்கு ஏறும் இடைநிலைப் பாடம். எங்கள் ஆசான் அவ்வூர் இளைஞர். என் வயதில் பாதிதான் இருக்கும். முதல் நாள் அவர் எங்களைப் படகில் ஏற்றவே இல்லை. தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் அணிவித்து, வெறும் உடலோடு ஓட்டத்தில் மிதக்கச் சொன்னார்.

“மல்லாந்து படுங்க. பாதம் ரெண்டும் முன்னாலே, நீர்மட்டத்துக்கு மேலே தெரியணும். என்ன ஆனாலும் ஓட்டத்திலே எழுந்து நிற்க முயலக் கூடாது.”

ஏன் என்று கேட்டேன். அடியில் கல்லிடுக்கிலோ குழியிலோ பாதம் மாட்டிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் நீர் உடலை முன்னே சாய்த்து முகத்தை அமிழ்த்திவிடும். அதற்கு இடுப்பளவு ஆழம்கூட வேண்டாம். நீச்சல் அறிவு அங்கே உதவாது என்றார். நான் கரையேறி ஒரு பாறைமீது நெடுநேரம் அமர்ந்திருந்தேன். மகனும் அருகில் வந்து அமர்ந்தான். இருவரும் ஒருவரையே நினைத்தோம். பெயரை இருவருமே சொல்லவில்லை.

மறுநாள் தொடங்கிய பாடங்கள் ஒவ்வொன்றும் உடலின் இயல்புக்கு எதிரானவை. ஆற்றின் நடுவே உள்ள பாறைக்குப் பின்னால் நீர் ஒதுங்கி, சற்றே மேல்நோக்கித் திரும்பி நிற்கும். அந்த ஒதுங்குநீர்தான் படகோட்டியின் திண்ணை. அங்கிருந்து பாயும் நீருக்குள் நுழையும்போது, ஓட்டம் போகும் திசைக்கே படகைச் சாய்க்க வேண்டும். அஞ்சி எதிர்ப்புறம் சாய்ந்தால், நீர் விளிம்பின்மேல் ஏறிப் படகைக் கவிழ்த்துவிடும். பாறை எதிர்ப்பட்டால் விலகிச் சாயக் கூடாது. பாறையின் பக்கமே சாய்ந்து அதனை அணைத்துக்கொள்ள வேண்டும். அக்கரைக்கு நேராகத் துடுப்புப் போட்டால் ஆறு அள்ளிக்கொண்டு போகும். முனையை ஓட்டத்துக்கு எதிராகச் சிறிது சாய்வாக நிறுத்தினால், ஆறே நம்மைத் தள்ளிக் கரை சேர்க்கும்.

கவிழ்ந்த படகை உள்ளிருந்தபடியே நிமிர்த்துவது மற்றொரு பாடம். தலைகீழாகத் தொங்குபவன் மூச்சுக்காக முதலில் தலையைத் தூக்கவே விரும்புவான். ஆனால் கனமான தலை முன்னே எழுந்தால் படகு மீண்டும் கவிழும். இடுப்பைச் சுண்டிப் படகை முதலில் திருப்ப வேண்டும். தலை கடைசியில்தான் வர வேண்டும். இனூயிட் மக்களின் இக்கலையை 1927-ல் ஆஸ்திரிய நாட்டு ஹான்ஸ் பவ்லாட்டா, பயணிகள் எழுதிய நூல்களைப் படித்தே தாமாகப் பயின்றார். நூலும் ஆசானாகும் என்பதற்கு அவர் சான்று. ஆனால் ஜீனோ வாட்கின்ஸ் என்ற ஆங்கில இளைஞரையும் மறக்கலாகாது. கிரீன்லாந்து மக்களிடமே நேரில் இக்கலையைக் கற்றுத் தேர்ந்த அவர், 1932 ஆகஸ்டில் தனியே கயாக்கில் வேட்டைக்குப் போனார். படகு கிடைத்தது; அவர் கிடைக்கவில்லை. அப்போது வயது 25. கற்ற கலைக்கும் கரையில் ஒரு துணை வேண்டும்.

எங்கள் ஆசான் கற்பித்த முறையே தனி. முதலில் தாமே ஓட்டிக் காட்டுவார். பின்பு கீழே ஒதுங்குநீரில் எறிகயிற்றுடன் காத்திருப்பார். மூன்றாம் நாள் முதல் அவர் வழி சொல்வதை நிறுத்திக்கொண்டார். கரையில் நிற்கவைத்து, “எங்கே நுழைவீர்கள்? எங்கே ஒதுங்குவீர்கள்? கவிழ்ந்தால் எங்கே மிதந்து போவீர்கள்?” என்று மூன்று கேள்விகள் மட்டும் கேட்பார். மூன்றாவதற்கு விடையில்லாதவனுக்குப் படகில்லை.

ஐந்தாம் நாள் ஒரு குறுகிய இறக்கத்துக்கு வந்தோம். அதன் கீழே ஒரு மரம் சாய்ந்து, கிளைகள் நீரைச் சல்லடைபோல் வடிகட்டிக்கொண்டிருந்தன. நீர் போகும், மனிதன் மாட்டிக்கொள்வான். உடன் பயின்ற இளைஞர்கள் மகனைப் பார்த்துக்கொண்டிருந்தனர். ஆசான் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை, ஆனால் என் நெஞ்சு அடித்துக்கொண்ட ஓசை எனக்கே கேட்டது. மகன் மரத்தைப் பார்த்தான், தண்ணீரைப் பார்த்தான், படகைத் தோளில் தூக்கிக்கொண்டு கரைவழியே நடந்தான். “இன்று இவர் தேறிவிட்டார்” என்றார் ஆசான், மிக மெதுவாக.

வாசக நேயர்களே! நம் பிள்ளைகள் எல்லாரும் கயாக் ஓட்ட வேண்டும் என்பது என் கருத்தன்று. ஆனால் ஓடும் நீர் நம் எல்லாருக்கும் அண்டை வீடு. 2022 ஜூன் 5 அன்று, கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றுத் தடுப்பணைப் பகுதியில் குளிக்கச் சென்ற பெண்களும் சிறுமிகளுமாக ஏழு பேர் மூழ்கி இறந்தனர். தடுப்பணையைத் தாண்டி வழியும் நீர் பார்வைக்கு அமைதியானது. நிறைந்து பாயும்போது, விழுந்த இடத்திலேயே அது திரும்பத் திரும்ப உருண்டு அகப்பட்டதை வெளியே விடாது. மூழ்குபவரைக் காக்க வெறுங்கையோடு குதிப்பவரும் சேர்ந்தே போகிறார். கரையில் நின்று கயிறு எறிவதே முதல் உதவி; அதனை எவரும் ஒரு மாலையில் கற்கலாம்.

ஊர் திரும்பி, மச்சானைப் பற்றி ஆசான் அளித்த விளக்கத்தை மனைவியிடம் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசவில்லை. “அப்ப என் தம்பி பயந்து போகல, யாரும் அவனுக்குச் சொல்லித் தரல” என்றாள். பிறகு கேட்டாள்: “நம்ம தெருப் பிள்ளைங்களுக்கு இத யாரு சொல்லித் தருவா?”

இப்போது ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபரின் முதல் ஞாயிறுகளில், பள்ளிவாசலுக்குப் பின்னுள்ள திடலில் பிள்ளைகள் கூடுகிறார்கள். பதினைந்து மீட்டர்க் கயிற்றைப் பையிலிருந்து எறிந்து, தொலைவில் நிற்பவரின் கைக்குச் சேர்க்கப் பழகுகிறார்கள். சொல்லித் தருபவன் என் மகன். தொலைவில் நின்று கயிற்றைப் பிடித்துக் குறை சொல்பவள் அவன் உம்மா.