ஆயாவின் நிறம்

"ராவில் எடுங்கள்; மறந்துவிடாதீர்கள்!" என்று சொல்லிக்கொண்டே எங்கள் பத்திரிகையின் புகைப்படக்காரர் தம்முடைய காமிராவை என் கழுத்தில் மாட்டினார். அவருடைய தங்கைக்குக் கல்யாணம். ஒரு வாரம் லீவு. எனக்கோ மறுநாள் தேர்வாய் கண்டிகைக்குப் போய்க் கட்டுரையும் எழுதி, படமும் எடுத்து வந்தாக வேண்டும். பட்டப்பகலில் நான் எடுக்கும் படங்களிலேயே பாதித் தலைதான் விழும். இந்த லட்சணத்தில் ராத்திரியில் வேறு எடுக்க வேண்டுமாமே!

"இருட்டில் என்ன சார் தெரியும்?" என்று கேட்டேன்.

அப்போது அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்காமல் விட்டுவிடுகிறேன். அவர் சொன்ன 'ரா' இரவு அல்லவாம். 'சமைக்காத பச்சை' என்று அர்த்தமுள்ள இங்கிலீஷ் வார்த்தையாம். காமிரா தானே சமைத்து, தாளித்து, இலையில் பரிமாறிக் கொடுக்கும் படம் ஜேபெக். அரிசியாகவும் பருப்பாகவும் அப்படியே மூட்டை கட்டிக் கொடுப்பது ரா. இரண்டும் சேர்ந்து பதிவாகும்படி திருகி வைத்துவிட்டு, "பொத்தானை மட்டும் அமுக்குங்கள், போதும்" என்று கிளம்பிவிட்டார்.

தேர்வாய் கண்டிகை எங்கே இருக்கிறது என்று கேட்கும் சென்னை நேயர்கள் தங்கள் வீட்டுக் குழாயைத்தான் விசாரிக்க வேண்டும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கோடு ஐந்தாவதாக, 2020 நவம்பரில் திறந்தார்களே, கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம், அதுதான். இரண்டு பழைய ஏரிகளைச் சேர்த்துக் கட்டியது. 50 கோடி கன அடி கொள்ளும். கும்மிடிப்பூண்டி வரையில் மின்சார ரயில். அங்கிருந்து மேற்கே சாலை. பக்கத்திலேயே சிப்காட் தொழிற்பேட்டை, அதில் மிஷலின் டயர்த் தொழிற்சாலை. ஒரு பக்கம் பெரிய பெரிய கண்டெய்னர் லாரிகள், இன்னொரு பக்கம் ஆட்டு மந்தை. எது எதற்கு வழி விட வேண்டும் என்பது அன்றைக்கு அன்றைக்குத் தீர்மானமாகிற சமாசாரம்.

சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். கரையோரமாக ஓர் ஆயா ஏழெட்டு ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். (அந்தப் பக்கத்தில் பாட்டியை ஆயா என்றுதான் அழைக்கிறார்கள்.) எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தலையில் முக்காடு, கையில் கழி. முதுகுக்குப் பின்னால் தண்ணீர், அதற்கும் பின்னால் விழுகிற சூரியன். கேட்டுக்கொண்டு எடுத்தேன்.

"நல்லா வுழுந்துச்சா கண்ணு?" என்றார் ஆயா.

"விழுந்தது ஆயா."

"பொங்கலுக்கு எம் பேரன் போன்ல எடுத்தான். மூஞ்சியே தெரியல. கறுப்பா நெழலாட்டம் கீது. நீயாச்சும் ஒண்ணு நல்லதா கொண்டாந்து குடு."

கொண்டு வருவதாக வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பதில் நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்குச் சிரமமே கிடையாது.

வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், வானம் தங்கம், தண்ணீர் தங்கம், ஆட்டின் காது ஓரம்கூடத் தங்கம்! முக்காட்டுக்குள் மட்டும் ஒன்றுமில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பள்ளம். பேரன் போனில் எடுத்த அதே நிழலை, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள காமிராவில் நானும் எடுத்திருந்தேன்.

அது ஜேபெக் படம். சூரியன் கண்ணில் அடித்ததும் காமிரா அதைக் கணக்கில் கொண்டு சமையலை முடித்துவிட்டது. ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும், கறுப்பிலிருந்து வெளிச்சம் வரை 256 படிகள்தான். இந்தக் காமிராவின் ரா கோப்பு 14 பிட்; அதாவது 16,384 படிகள். அந்த இருட்டில் எந்தப் படியிலாவது ஆயா உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற நம்பிக்கையோடு ரா கோப்பைத் திறக்கப் போனேன். அப்போதுதான் தெரிந்தது, அதைத் திறக்க ஒரு மென்பொருள் வேண்டும், அதிலும் ஒன்றல்ல பத்து இருக்கின்றன என்று. புடவைக் கடையில்கூட நான் இத்தனை திண்டாடியதில்லை.

ரா கோப்பு என்பது என்ன என்று தெரிந்துகொண்டால் திண்டாட்டம் கொஞ்சம் குறையும். நம் வாசலில் போடும் புள்ளிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காமிராவுக்குள் கோடிக்கணக்கான புள்ளிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சின்ன வண்ணக் கண்ணாடி: நாலு புள்ளிக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கோடக் கம்பெனியின் பிரைஸ் பேயர் என்ற விஞ்ஞானி கண்ட முறை இது; 1976-ல் காப்புரிமை பெற்றது. பச்சைப் புள்ளிக்குச் சிவப்பு எவ்வளவு என்று தெரியாது. சிவப்புப் புள்ளிக்கு நீலம் தெரியாது. ஆகவே காமிரா புள்ளிதான் வைக்கிறது. அக்கம் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இழை இழுத்துக் கோலத்தை முடிப்பது மென்பொருள். ஒரே புள்ளிதான், ஆனால் மாமியார் போட்டால் ஒரு கோலம், மருமகள் போட்டால் வேறு கோலம் அல்லவா?

என் மடிக்கணினியில் மூன்றை இறக்கிப் பார்த்தேன். பெயர் சொல்லிச் சண்டை வளர்க்க விருப்பமில்லாததால் ஒன்று, இரண்டு, மூன்று என்றே சொல்கிறேன். ஒன்றாவது, 'தானாகவே சரிசெய்' என்ற பொத்தானை அமுக்கியதும் ஆயாவை வெளியே கொண்டுவந்துவிட்டது. அடேயப்பா! பவுடர் போட்டுக் கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் மாதிரி ஒரு வெளுப்பு. சுருக்கங்கள் பாதியைக் காணோம். இரண்டாவதில் முகம் வந்தது, ஆனால் சாம்பல் பூத்தாற்போல் வந்தது. மூன்றாவதில் தானாக ஒன்றும் வரவில்லை. இருபது முப்பது கம்பிகளை அது பாட்டுக்கு நீட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொன்றையும் நானே நகர்த்திப் பார்க்க வேண்டியிருந்தது. இரவு பதினொன்றரை மணிக்கு ஒரு மாதிரியாக ஒரு முகம் தெரிந்தது.

அந்த நேரத்தில் அம்மா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். திரையில் ஒன்றாவது படம்.

"யாருடி இது? நல்ல களையா இருக்காங்களே."

மற்ற இரண்டையும் காட்டினேன். மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். பதில் பேசாமல் போய், பீரோவிலிருந்து ஒரு பழைய உறையை எடுத்து வந்தாள். உள்ளே அவளுடைய கறுப்பு வெள்ளைப் படம். 1986-ல் பிள்ளை வீட்டாருக்கு அனுப்பியது.

அந்தப் படத்தை எங்கள் வீட்டுச் சுவரில் நான் பார்த்ததே இல்லை. ஏன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஸ்டூடியோவில் நெகடிவின் மேல் மெல்லிய பென்சிலால் பூசுவார்கள். பூசிய இடம் பிரிண்டில் வெளுத்து விழும். அம்மாவின் கன்னத்திலும் நெற்றியிலும் தாராளமாகப் பூசிவிட்டார்கள். பெண் பார்க்க வந்த அன்று, பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி படத்தையும் அம்மாவையும் இரண்டு தடவை மாற்றி மாற்றிப் பார்த்தாளாம். ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். அந்தச் சம்பந்தம் தட்டிப் போயிற்று. அடுத்த வருஷம் என் அப்பா வந்தார், படம் எதையும் கேட்காமல்.

"அவங்க வேண்டாம்னதுகூட எனக்குப் பெரிசா படலை. அந்தப் படத்துல இருக்கிறவளைத்தான் அவங்க தேடினாங்க" என்றாள் அம்மா.

நான் ஒன்றாவது படத்தை மூடினேன்.

இதில் நம் ஊர் ஸ்டூடியோவை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை. பிலிம் காலத்தில் வண்ணப் படம் கழுவும் கூடங்களுக்குக் கோடக் ஓர் அளவுகோல் அட்டை அனுப்பி வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அந்த அட்டைக்கு 'ஷெர்லி' என்றே பெயர். அவள் நிறம் சரியாக விழுந்தால் எல்லாம் சரி. மற்றவர்கள் இருட்டில் போனால் போனதுதான். 1970-களில் சாக்லெட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் வியாபாரிகளும் 'எங்கள் சரக்கின் பழுப்பு நிறம் படத்தில் சரியாக வரவில்லை' என்று புகார் செய்த பிறகுதான் பழுப்பு நிறங்களின் மேல் கோடக்கின் கவனம் திரும்பிற்று. மனுஷ முகத்துக்குக் கிடைக்காத மரியாதை மேஜை நாற்காலிக்குக் கிடைத்ததே என்று நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

அம்மாவின் படத்தைத் திருத்தலாமா என்று கேட்டேன். நெகடிவ் இருந்தால் பென்சிலைத் துடைத்துவிட்டு வேறு பிரிண்ட் போட்டிருக்கலாம். ஸ்டூடியோவே இப்போது இல்லை. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிப் பிரதி எடுத்து வைத்தார்கள். அப்படித் தப்பியவை கொஞ்சம். எடைக்குப் போனவை எத்தனையோ!

இந்தக் கவலையோடுதான் நான் மென்பொருள்களை மறுபடி எடை போட்டேன். ரா கோப்புதான் நம் காலத்து நெகடிவ். நல்ல மென்பொருள் எதுவும் அதைத் தொடுவதில்லை. 'இங்கே வெளிச்சம் கூட்டு, அங்கே மஞ்சளைக் குறை' என்று தனியாகக் குறிப்பு எழுதிக்கொள்கிறது. அந்தக் குறிப்பு யாரிடம் இருக்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும். ஆப்பிள் கம்பெனி 2005-ல் 'அபெர்ச்சர்' என்று ஒன்றை வெளியிட்டு, 2014-ல் நிறுத்தப் போவதாக அறிவித்தது. அதில் வருஷக்கணக்காகத் திருத்தி வைத்தவர்கள் மூட்டை முடிச்சுடன் வேறு வீடு தேடினார்கள். 2007-ல் வந்த அடோபியின் லைட்ரூமை ஒரே தடவை காசு கொடுத்து வாங்குகிற காலம் 2017-ல் முடிந்தது, இப்போது சந்தாதான். சந்தாவை நிறுத்தினால் படம் நம்மிடமே இருக்கும், ஆனால் அதிலே உட்கார்ந்து திருத்துகிற வேலை நின்றுபோகும். தினமும் நூறு படம் பார்க்கும் எங்கள் புகைப்படக்காரருக்கு அந்தச் செலவு நியாயம். சொந்தமாகக் காமிராகூட இல்லாத எனக்கு அது தண்டம். டென்மார்க்கின் கேப்சர் ஒன் கல்யாண போட்டோக்காரர்களுக்குப் பிடித்தது. விலையும் அதற்குத் தக்கபடி. கேனான், நிக்கான் காமிரா வாங்குகிறவர்களுக்கு அந்தந்தக் கம்பெனியே ஒன்றை இலவசமாகத் தருகிறது; புதிதாகப் பழகுகிறவர்கள் முதலில் அதைத் தொட்டுப் பார்ப்பதே புத்திசாலித்தனம். ராதெரபியும், 2009-லிருந்து தன்னார்வலர்கள் உருவாக்கிவரும் டார்க்டேபிளும் யாருக்கும் இலவசம். இவை குறிப்பைத் தனிக் கோப்பாகப் படத்தின் பக்கத்திலேயே வைக்கின்றன. நான் டார்க்டேபிளை வைத்துக்கொண்டேன். பழகுவதற்குச் சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன். முதல் வாரம் தலைவலித் தைலம் தேவைப்படும்.

'எங்களிடம் போன்தானே இருக்கிறது' என்பீர்கள். பல போன்களிலும் ரா உண்டு. டிஎன்ஜி என்ற பெயரில் இருக்கும். எந்த மென்பொருளைச் சோதித்தாலும் அவர்கள் காட்டும் மாதிரிப் படத்தைப் பார்த்து மயங்காமல், உங்கள் வீட்டு மனுஷர் ஒருவரை, அதுவும் நல்ல கறுப்பான மனுஷரை, ஜன்னலுக்கு எதிரே உட்கார வைத்து எடுத்த படத்தைப் போட்டுப் பாருங்கள்.

புதன்கிழமையன்று மூன்று பிரிண்டும் எடுத்துக்கொண்டு மறுபடி தேர்வாய் கண்டிகைக்குப் போனேன். ஆயா வெள்ளைப் படத்தைத்தான் முதலில் கையில் எடுத்தார்.

"இது யாரும்மா?"

"நீங்கதான் ஆயா."

"அட போ கண்ணு! பட்டணத்துப் பொம்பள எவளையோ கொண்டாந்து என்னான்ற!"

இரண்டாவதைப் பார்த்து, "ஒடம்பு செரியில்லாதவளாட்டம் கீது" என்றார். மூன்றாவதை வெயிலுக்குத் திருப்பி, கிட்டே வைத்து, தள்ளி வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பேசவில்லை.

"எங்கம்மாவாட்டம் கீது. அதுக்குப் போட்டோவே கெடையாது" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. ஆனால் ஆயா விடவில்லை. விரலைப் படத்தின் ஓரத்தில் வைத்து, "எல்லாம் செரி, இந்தக் குட்டி செவலையாச்சே! இத்த ஏன் மஞ்சளா போட்ட?" என்று கேட்டார்.

செவலைக் குட்டி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. படத்தில் மஞ்சள்தான்! சாயங்கால வெயிலின் மஞ்சளை நான் அளவுக்கு மீறி விட்டுவைத்திருந்தேன். ஆயாவின் நிறத்திலும் அது கொஞ்சம் ஏறியிருந்தது. கோடக்குக்கு ஷெர்லி; எனக்குச் செவலைக் குட்டி. குட்டியைப் பகல் வெளிச்சத்தில் தனியாக ஒரு படம் எடுத்துக்கொண்டு போய், அன்றிரவே அதன் நிறம் சரியாக வரும்வரை கம்பியை நகர்த்தினேன். குட்டி செவலையானதும் ஆயாவும் ஆயாவானார்.

வெள்ளிக்கிழமை பக்கம் அச்சுக்குப் போயிற்று. அடுத்த வாரம் இதழையும் ஒரு பெரிய பிரிண்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிரிண்டை மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டு ஆயா இதழைப் புரட்டினார். தம் முகத்தைப் பார்த்தார். பக்கத்தைத் திருப்பினார், மறுபடி வந்தார்.

"குட்டி எங்கம்மா?"

பக்கம் அமைப்பவர் இடம் போதாதென்று ஓரத்தை வெட்டியிருந்தார்.